முதல் சிவப்பு ஒயினுக்கு டோர்ன்ஃபெல்டர்

தம்பி, ஜெர்மனி வந்து மூன்று மாதம் ஆகிறது, கூட வேலை பார்ப்பவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு சிவப்பு ஒயின் கொண்டுபோக வேண்டும், இதுவரை குடித்ததில்லை, விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சு, இத்தாலிப் பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். டோர்ன்ஃபெல்டர் வாங்குங்கள். ஐந்தாறு யூரோவுக்கே நல்லது கிடைக்கும்.

ஜெர்மனிக்கு வெளியே அதிகம் பேர் அறியாத திராட்சை இது. 1955இல் வைன்ஸ்பெர்க் ஊரில் அவுகுஸ்ட் ஹெரோல்ட் என்பவர் இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கினார். வெளிறிய சிவப்பு ஒயின்களுக்கு நிறம் ஏற்றத்தான் இதை முதலில் நினைத்தார்கள். அப்புறம் தனியாகவே நன்றாக இருப்பது தெரிந்துபோயிற்று. இன்று ஃபால்ஸ், ரைன்ஹெஸ்ஸன் பக்கம் நிறையப் பயிராகிறது.

கடையில் லேபிளில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது. 'லீப்லிஷ்' என்றால் லிட்டருக்கு 12 முதல் 45 கிராம் வரை சர்க்கரை. வந்த புதிதில் நான் அகராதியில் 'இனிமையான' என்று பார்த்துவிட்டு லீப்லிஷ் வாங்கிப் போனேன். அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துவைத்து, கடைசியில் கேக்கோடு பரிமாறினார். அந்தப் பெருந்தன்மையை இன்னும் மறக்கவில்லை. சாப்பாட்டுக்கு ட்ரோக்கன்தான்.

இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை முன்கூட்டியே வீட்டில் ருசித்துப் பாருங்கள். இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத்தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள்: நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பு, விளிம்பில் ஊதா. மெல்லச் சுழற்றி முகர்ந்தால் புளிப்புச் செர்ரி வாசம் வரும். ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கில் புரட்டுங்கள். முதலில் புளிப்பு, பிறகு ஈறில் ஒரு துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கை இழுக்குமே, அதேதான், ஆனால் அவ்வளவு கடுமை இல்லை. துவர்ப்பு இப்படி மென்மையாக இருப்பதால்தான் முதல்முறை குடிப்பவருக்கு இதைச் சொல்கிறேன்.

பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். பாட்டிலைக் கொடுத்துவிட்டு 'எனக்குத் தண்ணீர் போதும்' என்று சொல்வதில் தப்பே இல்லை. குடிப்பதானால், கிளாஸை முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து 'சும் வோல்' என்று சொல்லுங்கள். இங்கே அதுதான் மரியாதை.

காரை எடுக்காதீர்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் 2 ஆண்டு ஒரு சொட்டுகூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. ட்ராமில் போய் வந்துவிடுங்கள்.