தட்டு ஏன் காய்ந்து கிடக்கிறது?

கேள்வி: எங்கள் இரண்டு கதவு ஃப்ரிட்ஜில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. காலையில் துடைத்தால் மறுநாள் அதே அளவு. ஃப்ரீசரின் தரையில் ஐஸ் பாளமாகப் பிடித்திருக்கிறது. மெக்கானிக் 'கேஸ் குறைவு' என்று சொல்லி 2,500 ரூபாய்க்கு ஏற்றிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் பழைய கதைதான். ஐஸ்கிரீம் மட்டும் எப்போதும் கல்லாக இருக்கிறது. இப்போது போர்டு மாற்ற வேண்டும் என்கிறார். நாங்கள் பராமரிக்காமல் இல்லை. போன வாரம் டெங்கு சோதனைக்கு வந்த பெண்கூட, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பாராட்டினார். இந்தக் காலத்துப் பொருளே இப்படித்தானா? எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாமா?
– வாசகி, கருங்கல்

பதில்: பாராட்டு வாங்கிய அந்தத் தட்டில்தான் பதில் இருக்கிறது. கோடையில் அது காய்ந்து கிடந்தால் ஆச்சரியமில்லை. விடாமல் மழை பெய்யும் இந்த நாட்களில், குமரி மாவட்டத்து ஈரக்காற்றில், அதில் கொஞ்சமாவது தண்ணீர் நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் தட்டு காய்ந்திருக்கிறது, காய்கறிப் பெட்டிக்கு அடியில் குளம். பின்னால் போக வேண்டியது உள்ளேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை. மெக்கானிக்கும் பார்க்கவில்லை, பார்க்காமல் போனதற்குக் கூலி 2,500 ரூபாய்.

கேஸ் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஃப்ரிட்ஜில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பைக்கில் பெட்ரோல் தீர்வது போல அது தீராது. எங்காவது கசிந்தால்தான் குறையும்; குறைந்தால் குளிர்ச்சி போகும். கசிவை அடைக்காமல் ஏற்றினால் அதுவும் போகும். உங்கள் ஐஸ்கிரீமோ கல்லாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியிருக்க, கேஸ் குறைவு என்றவரிடம் 'ஐஸ்கிரீம் எப்படி உறைகிறது அண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நடப்பது இதுதான். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகிறது. அந்த ஈரம் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் இருக்கும் காயிலில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில், பனியாகப் படிகிறது. கம்ப்ரசர் சுமார் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும், காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் அரை மணி நேரம் போல எரிந்து அந்தப் பனியை உருக்கும். சில மாடல்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். உருகிய தண்ணீர் கீழேயுள்ள பள்ளத்தில் விழுந்து, அதிலுள்ள ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் சேரும். கம்ப்ரசர் சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும். அந்த ஓட்டை அடைத்தால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் பரவி உறையும். மிச்சம் கீழ் அறைக்குச் சொட்டும். ஆக, உங்கள் ஹீட்டரும் வேலை செய்கிறது. அது வேலை செய்யாவிட்டால் உருகுவதற்கே வழியில்லை. ஹீட்டரை நேரத்துக்கு ஓடவிடும் போர்டை மாற்றச் சொன்னவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அடைப்பது எது? கறிவேப்பிலை, மல்லித்தழை, மீன் செதில், கிழிந்த கவர்த் துண்டு, நாளடைவில் சேரும் வழவழப்பான அழுக்கு. மெல்லிய கவரில் சாளை மீனை அப்படியே ஃப்ரீசருக்குள் திணிப்பது நம் பக்கத்துப் பழக்கம். கவர் கசிந்தால் மீன் தண்ணீரும் செதிலும் அந்தப் பள்ளம் வரை போகும். மூடி போட்ட டப்பா எதற்கு இருக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, இரண்டு கதவையும் திறந்து போட்டு, கீழே பழைய துவர்த்துகளை (துண்டுகளை) விரித்துவிடுங்கள். பாளம் முழுவதும் தானாக உருக அரை நாள் ஆகலாம், சில வீட்டில் ஒரு நாள்கூட ஆகும். பொறுக்க முடியாமல் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ எடுத்துக் குத்தினீர்களானால் அப்போதுதான் கேஸ் நிஜமாகவே போகும். காயில் பெரும்பாலும் அலுமினியம், ஒரு குத்துத் தாங்காது. இப்போது வருகிற ஃப்ரிட்ஜ்களில் ஆர்-600ஏ கேஸ்தான் அதிகம். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பாளம் கரைந்த பிறகு பின்பலகையைக் கழற்றலாம். ஃபேன் வயர் அதோடு சேர்ந்து வரும், இழுத்துவிடாதீர்கள். பயமாக இருந்தால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். பள்ளத்தில் உள்ள ஓட்டை கண்ணில் பட்டதும், மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் ஊசியில்லாமல் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து அதற்குள் விடுங்கள். இறங்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விடுங்கள். உள்ளே ஐஸ் கட்டியிருந்தால் சிறுகச் சிறுகத்தான் கரையும். அழுக்கு அடைப்பென்றால், தூண்டிலுக்குக் கட்டுகிற தடித்த தங்கூசியின் (நைலான் நரம்பின்) முனையை மழுக்கி மெதுவாக விட்டுப் பாருங்கள். அது வளைந்து கொடுக்கும். ஈர்க்கில் வேண்டாம், ஒடிந்து குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். குழாயின் கீழ் முனையில் சில மாடல்களில் சின்ன ரப்பர் வால்வு இருக்கும். அழுக்கெல்லாம் அங்கேதான் போய் உட்காரும், கழற்றிக் கழுவுங்கள். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் பின்தட்டில் விழும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்காமல் பலகையை மூடாதீர்கள்.

சில மாதத்தில் மறுபடி அடைத்தால், ஓட்டைக்குள்ளேயே தண்ணீர் உறைகிறது என்று அர்த்தம். ஹீட்டரின் சூடு ஓட்டை வரை இறங்கும்படி ஒரு செம்புக் கம்பியோ அலுமினியத் தகடோ தொங்கவிடுவார்கள். விவரமான மெக்கானிக்குக்குச் சின்ன வேலை, கேட்டுச் செய்யுங்கள். கதவு ரப்பரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிழிந்திருந்தால் இரவு பகலாக ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், தட்டில் தண்ணீர் வரத் தொடங்கியதும் அந்தப் பாராட்டு உங்களுக்குக் கிடைக்காது. டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீர் தாராளமாகப் போதும். வாரம் ஒரு முறை கவிழ்த்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

எக்ஸ்சேஞ்ச்? உங்களுக்குப் புது ஃப்ரிட்ஜ் ஆசை இருந்தால் வாங்குங்கள், இந்தத் தண்ணீரைச் சாக்குச் சொல்லாதீர்கள். புதிதிலும் அதே ஓட்டைதான், அதே சாளைதான்.

கொடுத்த 2,500 ரூபாய்க்கு ரசீது இருந்தால் முதலில் அவரிடமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ரசீது வாங்கவில்லையென்றால் வழக்கு கஷ்டம்தான். ஃப்ரிட்ஜ் வேலையை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மீன் வாங்க வேண்டாம்.