மகள் நிருபராகப் போகிறேன் என்கிறாள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

போன வாரம் மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளோடு என்னிடம் வந்துவிட்டுக் கிளம்பியபோது, அவள் படியிறங்கிய பிறகு நீங்கள் மட்டும் திரும்பி வந்து கேட்டீர்கள்: "பேப்பரே யாரும் வாங்குவதில்லை. எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்து இவள் என்ன செய்யப் போகிறாள்?" நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் வெளியே காத்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரம் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் போனுக்கு வந்திருந்த ஒரு வாட்ஸ்அப் தகவலை அவளிடம் காட்டினேன். ‘குடிநீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டது, யாரும் குடிக்காதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று ஒரு படத்தோடு வந்திருந்தது. இது உண்மையா, கண்டுபிடி என்றேன். தேதி இல்லை, எந்தத் தொட்டி என்றும் இல்லை. அதை உடனே கவனித்துவிட்டாள். படத்தைத் தேடிப் பார்த்தாள். பல வருடங்களுக்கு முன் வேறெங்கோ எடுத்தது. பிறகு குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். முதலில் எடுத்தவர் தெரியாது என்று வைத்துவிட்டார். மறுபடி அழைத்துப் பொறியாளரின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். அவர் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார். பெரிய குழாயில் பழுதுபார்க்கிறார்கள், இரண்டு தெருக்களில் மாலைவரை தண்ணீர் கலங்கலாக வரும், அவ்வளவுதான் விஷயம். "எந்த இரண்டு தெரு சார்? மாலை என்றால் எத்தனை மணி?" என்று கேட்டு, எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக்காட்டி, சரி என்று சொல்ல வைத்த பிறகுதான் போனை வைத்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் தேறியது இரண்டே வரிச் செய்தி.

வதந்தி ஊரைச் சுற்ற இரண்டு நிமிடம் போதும், செலவும் கிடையாது. இந்த இரண்டு வரிக்கு ஒரு ஆளின் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பது யார்? உள்ளூர்ப் பத்திரிகைகளின் சிக்கல் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முன்பு விளம்பரதாரர்கள் கொடுத்தார்கள். வாசகர் கொடுக்கும் விலை பத்திரிகை நடத்தும் செலவுக்கு ஒருநாளும் போதாது. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய வண்டி விற்பனைக்கு என்று கடைசிப் பக்கங்களில் வந்த வரி விளம்பரங்களும், உள்ளூர் வியாபாரிகளின் விளம்பரங்களும்தான் நிருபருக்குச் சோறு போட்டன. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற இணையதளங்கள் வரி விளம்பரத்தை இலவசமாக்கின. மீதியைக் கூகுளும் பேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. அமெரிக்கச் செய்தித்தாள்களின் விளம்பர வருமானம் 2005-ல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே. அங்கே செய்தித்தாள்களின் செய்திப் பிரிவில் 2008-ல் சுமார் 71,000 பேர் இருந்தார்கள். 2020-ல் சுமார் 31,000 பேர். 2005-லிருந்து கணக்கெடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பத்திரிகைகள் மூடிவிட்டன, பெரும்பாலும் சிறிய வாரப் பத்திரிகைகள். ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் 150 ஆண்டுகளாக வந்த ‘விண்டிகேட்டர்’ 2019 ஆகஸ்டோடு நின்றது; அதன் பெயரைப் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது. உங்கள் பயம் நியாயமானது என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். எதையும் மறைத்து அவளை அனுப்பிவைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் பணம் போனது போல் தேவை போகவில்லை. கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம். அதன் நகராட்சி மேலாளர் தன் ஆண்டுச் சம்பளத்தை ஏறக்குறைய 8 லட்சம் டாலருக்கு உயர்த்திக்கொண்டார். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம். அந்த ஊர் நகராட்சிக் கூட்டங்களுக்கு வழக்கமாகப் போய் உட்கார நிருபர் யாரும் இல்லாததால் வருடக்கணக்கில் இது வெளியே தெரியவில்லை. 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் ஆவணங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டார்கள். மேலாளர் சிறைக்குப் போனார். 2011-ல் அந்தச் செய்திகளுக்கு, அமெரிக்க இதழியலின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. பேஸ்புக் வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்த காலம் அது. ஊரில் யாரிடமும் போன் இல்லாமல் இல்லை. பட்ஜெட்டைக் கையில் எடுத்து வரிவரியாகப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அப்படியானால் பேஸ்புக்கிலேயே, யூடியூபிலேயே தனியாகச் செய்தி தரலாமே என்று மகள் கேட்டாள். தரலாம், தர வேண்டும். ஆனால் அதை மட்டுமே நம்பி வீடு கட்டக் கூடாது. கனடாவில் 2023-ல், செய்தி நிறுவனங்களுக்குப் பெரிய இணைய நிறுவனங்கள் பணம் தரச் சொல்லிச் சட்டம் வந்ததும், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அந்த ஆகஸ்டில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே அங்கே முடக்கிவிட்டது. அதே மாதம் வடக்குக் கனடாவின் யெல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கி, சுமார் 20,000 பேர் வெளியேற நேர்ந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று உள்ளூர்ச் செய்தித் தளம் எழுதியதை மக்களால் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும். சாவி நம் கையில் இல்லாத வீடு அது.

இப்போது யார் பணம் கொடுக்கிறார்கள்? ஒரே பதில் இல்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரப் பத்திரிகை ‘லா பிரெஸ்’ தாளில் அச்சடிப்பதை நிறுத்தி, 2018-ல் அறக்கட்டளையாக மாறி, வாசகர்களின் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. அமெரிக்காவின் ‘சால்ட் லேக் டிரிப்யூன்’ பத்திரிகை 2019-ல் லாப நோக்கமற்ற அமைப்பானது. பிரிட்டனில் 2018 முதல் உள்ளாட்சிச் செய்திகளைச் சேகரிக்கும் நிருபர்களுக்குப் பிபிசி சம்பளம் கொடுக்கிறது. அவர்கள் வேலை செய்வது உள்ளூர்ப் பத்திரிகைகளில். வட இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியில் கிராமத்துப் பெண்கள் 2002-ல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ அச்சை விட்டுவிட்டுப் போனில் வீடியோ எடுத்துச் செய்தி தருகிறது. எதுவும் பெரும் பணக்கார நிறுவனம் ஆகிவிடவில்லை. ஆனால் நிருபர் வேலை நடக்கிறது.

தாளின் எதிர்காலத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அது குறையும் என்றே நினைக்கிறேன். நிருபரின் தொழிலைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மகள் கற்க வேண்டியது தொழிலை. அதனால் இளங்கலையில் இதழியல் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், பொது நிர்வாகம், இவற்றில் ஒன்றைப் படிக்கட்டும். இதழியலை முதுகலையிலோ டிப்ளமோவாகவோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்செல்லில் ஒரு பட்ஜெட்டைப் பிரித்துப் பார்க்கவும், அவதூறுச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவும், தகவல் கேட்டு மனு எழுதவும் தெரிந்த இளைஞருக்குச் செய்தி அறையிலும் மதிப்பு உண்டு, அதற்கு வெளியேயும் உண்டு. ஆய்வு நிறுவனம், தணிக்கை, வழக்கறிஞர் அலுவலகம் என்று எங்கே போனாலும் அந்தப் பயிற்சி வீணாகாது. வீடியோ எடிட்டிங்கை அவள் தானே கற்றுக்கொள்வாள், அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

வேலைக்குப் போகும் இடத்தில் அவள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியதையும் சொல்லியிருக்கிறேன். சந்தாதாரர் எத்தனை பேர், வருமானத்தில் விளம்பரம் எவ்வளவு, யாராவது வழக்குப் போட்டால் நிறுவனம் கூட நிற்குமா, வெளியே போய்வரும் செலவு யாருடையது. நிருபரே விளம்பரமும் பிடித்துவர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் சேரவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி நாளைக்கு எப்படி எழுதுவாள்? தொடக்கச் சம்பளம், அவளோடு படித்து வேறு துறைக்குப் போகிறவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் பாருங்கள். எழுத்தும் தொடர்புகளும் வளராமல், சம்பளமும் அப்படியே நின்றால் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதம், உள்ளாட்சிக் கூட்டம் நடக்கும் நாளில் அவளைப் போய்ப் பார்வையாளர் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள் ஐயா. என்ன முடிவானது, எவ்வளவு பணம், யார் எதிர்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். புரியாததை மறுநாள் அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும். மூன்றாவது மாதமும் அவளே கிளம்பிப் போகிறாளா என்று கவனியுங்கள். பிறகு இருவரும் வாருங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு எந்தப் படிப்பு என்று முடிவு செய்வோம்.