ஒரே எடைக்கு நான்கு சாம்பியன்களா?

கேள்வி: குத்துச்சண்டை பழகும் என் மகன், ஃப்ளைவெயிட் பிரிவில் ஒரே காலத்தில் நான்கு உலகச் சாம்பியன்கள் இருக்கலாம் என்கிறான். அது எப்படி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தொடக்கத்தில் பட்டம் ஒன்றுதான். 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50.8 கிலோவை உச்சவரம்பாகக் கொண்ட இப்பிரிவில், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாயிருந்த ஜிம்மி வைல்டு 1916-இல் முதல் உலகச் சாம்பியனாக ஏற்கப்பட்டார். அந்த வரம்புக்கும் குறைந்த எடையுடன் களமிறங்கி, தம்மைவிடக் கனத்த பலரையும் வீழ்த்திய அபூர்வ வீரர் அவர். 1923 ஜூன் 18 அன்று நியூயார்க்கில் அவரை ஏழாவது சுற்றில் சாய்த்த பிலிப்பைன்ஸின் பாஞ்சோ வில்லா, ஆசியாவிலிருந்து எழுந்த முதல் உலகச் சாம்பியனானார். இரண்டே ஆண்டுகளில், பல்லில் சீழ் பிடித்திருந்த நிலையிலும் ஜிம்மி மெக்லார்னின் என்ற வீரருடன் மோதிய வில்லா, அத்தொற்று தொண்டைக்குப் பரவியதால் 23 வயதிலேயே இறந்துபோனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. 1952-இல் யோஷியோ ஷிராய் வென்றபோது ஜப்பானுக்கு முதல் உலகப் பட்டம் கிடைத்தது.

உலகப் பட்டம் வழங்கும் டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) அமைப்பைத் தொடர்ந்து 1963-இல் டபிள்யூ.பி.சி., 1983-இல் ஐ.பி.எஃப்., 1988-இல் டபிள்யூ.பி.ஓ. எனத் தனித்தனி அமைப்புகள் தோன்றித் தத்தம் பட்டங்களை வழங்கத் தொடங்கியதாலேயே இந்த எண்ணிக்கை வந்தது. இவையெல்லாம் தொழில்முறைப் பட்டங்கள். நெல்லை மாவட்ட அளவில் தங்கள் மகன் களமிறங்கும் அமெச்சூர் போட்டிகளின் எடைப்பிரிவுகள் வேறு என்பதால், அவற்றைப் பயிற்சியாளரிடம் கேட்டறிந்து கொள்வது நல்லது.