வாசகர் கேள்வி பதில்: ஆயா வீட்டு போன் நம்பர் ஊருக்கெல்லாம் தெரியுதே!

கேள்வி: வணக்கம் அக்கா. எங்க ஆயா டர்பன் சாட்ஸ்வொர்த்ல தனியா இருக்காங்க. வீட்டு போன் இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, டைரக்டரில பேரும் அட்ரஸும் அப்படியே வருது. இன்சூரன்ஸ், லோன், லாட்டரின்னு நாள் பூரா கால். பேங்க்ல இருந்து பேசுறோம்னு ஒருத்தன் பின் நம்பர் கேட்டிருக்கான், டிஸ்ப்ளேல பேங்க் நம்பரேதான் வந்துச்சாம். நம்பர மறைச்சு வச்சா இதெல்லாம் நின்னுடுமா?
– ஒரு வாசகி, டர்பன்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பேங்க் கால். டிஸ்ப்ளேல வர்ற நம்பர நம்பவே நம்பாதீங்க, இன்டர்நெட் வழியா கால் பண்றவன் தனக்கு வேண்டிய நம்பர காட்ட முடியும், அதனால பேங்க் நம்பர் வந்துச்சுங்கறது ஒரு சாட்சியே இல்ல. எந்த பேங்கும் போன்ல பின் கேக்காது. ஆயாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பேங்க்னு சொன்னா உடனே வச்சிடணும், அப்புறம் கார்டு பின்பக்கம் இருக்குற நம்பருக்கு செல்போன்ல இருந்து கூப்பிடணும். ஏன் செல்போன்னு கேட்டீங்கன்னா, லேண்ட்லைன்ல நாம வச்சாலும் அந்தப் பக்கம் வைக்காம இருந்தா சில நேரம் லைன் உடனே கட் ஆகாது, அவனே வேற குரல்ல பேசி ஏமாத்திடுவான்.

நம்பர மறைக்கிறது வேற, டைரக்டரில இருந்து எடுக்கிறது வேற. மறைச்சா நீங்க கூப்பிடுறப்ப எதிர்ல இருக்குறவங்களுக்கு உங்க நம்பர் தெரியாது, அவ்வளவுதான், உள்ள வர்ற கால் ஒண்ணுகூட குறையாது. செல்போன்ல ஹாஷ் 31 ஹாஷ் போட்டு அப்புறம் நம்பர் அடிச்சா அந்த ஒரு காலுக்கு மட்டும் மறையும். லேண்ட்லைனுக்கு கோடு கம்பெனிக்கு கம்பெனி வேற, அவங்ககிட்டயே கேளுங்க. மறைச்சாலும் நம்பர் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போகத்தான் செய்யும், காட்டாதேன்னு ஒரு குறிப்பு கூட போகுது, அதனால மிரட்டல் கால் வந்தா போலீஸ் கேஸ் போட்டு தேட வழி இருக்கு.

நம்பர் தெரியாத கால் எல்லாத்தையும் பிளாக் பண்ணிடலாம்னு தோணும், ஆயா மாதிரி வயசானவங்க வீட்ல அது வேணாம்னுதான் சொல்வேன், ஆஸ்பத்திரி, கிளினிக்ல இருந்து வர்ற கால் நிறைய நேரம் நம்பர் இல்லாமதான் வருது.

உங்களுக்கு வேண்டியது டைரக்டரில இருந்து எடுக்கிறதுதான். நம்ம தென்னாப்பிரிக்காவுல பாப்பியா (POPIA)ன்னு ஒரு சட்டம் இருக்கு, நம்ம சொந்த விவரங்கள பாதுகாக்குறதுக்கு, 2013ல வந்தது, 2020 ஜூலை 1ல இருந்து பெரும்பகுதி அமலுக்கு வந்துச்சு, அதுல 70வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. டைரக்டரில போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு சொல்லணும், நீங்க வேணாம்னு சொன்னா காசு வாங்காம, ஃபார்ம் மேல ஃபார்ம் கேக்காம எடுக்கணும். ஏற்கனவே வந்திருந்தாலும் எடுக்கச் சொல்ற உரிமை இருக்கு. அச்சாகி வீட்டுக்கு வீடு போன பழைய புக்க மட்டும் யாராலும் திருப்பி வாங்க முடியாது.

இந்த உரிமை யார் பேர்ல லைன் இருக்கோ அவங்களுக்குத்தான். தாத்தா இப்ப இல்லன்னா டெத் சர்டிபிகேட் காட்டி லைன ஆயா பேருக்கு மாத்துங்க, அப்பவே டைரக்டரில பேர் வேணாம்னு எழுத்துல குடுங்க. போன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க, தேதி போட்டு எழுதி ஒரு காப்பி வச்சுக்கணும்.

விக்கிறவங்க காலுக்கும் கட்டுப்பாடு இருக்கு. ஞாயித்துக்கிழமையும் பப்ளிக் ஹாலிடேயும் கூப்பிடவே கூடாது, சனிக்கிழமை காலை 9ல இருந்து மதியம் 1 மணி வரைக்கும்தான், மத்த நாள்ல ராத்திரி 8ல இருந்து காலை 8 வரை கூடாது. இனிமே கூப்பிடாதீங்கன்னு ஆயா ஒரு தடவை சொன்னா அந்த கம்பெனி நிறுத்தணும், கம்பெனி பேரயும் நேரத்தயும் ஒரு நோட்டுல குறிச்சு வைக்கச் சொல்லுங்க. அப்புறமும் தொல்லை பண்ணினா, இல்ல டைரக்டரில இருந்து பேர எடுக்க மாட்டேன்னு இழுத்தடிச்சா, அந்த நோட்டு, கடித காப்பி ரெண்டையும் வச்சு பாப்பியா சட்டத்த கண்காணிக்கிற இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர் ஆபீசுக்கு புகார் எழுதுங்க.