ஆங்கிலம் வழியாகக் குரோஷிய மொழி கற்கிறேன். ஏழு வேற்றுமைகளை எப்படிப் பிடிப்பது?

நானும் ஆங்கிலப் பாடநூலை வைத்துத்தான் தொடங்கினேன். குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபில் வேலைக்கு வந்த புதிதில் அட்டவணைகளை உருப்போட்டேன். கடையில் வாய் திறந்தால் ஒன்றும் வராது. ஆங்கிலத்தில் 'ஹி, ஹிம்' போன்ற சில சொற்களில்தான் வேற்றுமை மிச்சமிருக்கிறது. அதனால் அந்த நூல்கள் அதை விநோதப் பொருளாகக் காட்டுகின்றன. நமக்கு அது அன்றாடப் பேச்சு. வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே.

எனக்கு இது புரிந்தது ஒரு பென்சிலால்தான். வகுப்பில் 'பீஷெம் ஸ் ஓலோவ்கோம்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியை நடுவிலிருந்த 'ஸ்' என்பதை மட்டும் அடித்தார். 'ஸ் பிராத்தோம்' என்றால் அண்ணனோடு. வெறும் 'ஓலோவ்கோம்' என்றால் பென்சிலால். பென்சிலோடு எழுதுகிறேன் என்று நாம் சொல்வோமா? ஆங்கிலத்தின் 'வித்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதை மனதில் வைத்து எழுதியதால் வந்த பிழை.

அப்புறம் இரண்டாம் வேற்றுமை. ஆண்பால் ஒருமைச் சொற்களில் உயிருள்ளவற்றுக்கு மட்டும் வடிவம் மாறும். நகரம் பார்க்கிறேன் என்பது 'விதிம் கிராத்', மாற்றமில்லை. அண்ணனைப் பார்க்கிறேன் என்றால் 'விதிம் பிராத்தா'. நாமும் 'படம் பார்த்தேன்' என்போம், ஆனால் 'அண்ணன் பார்த்தேன்' என்று அதே பொருளில் சொல்ல மாட்டோம். விளி இன்னும் அருமை: இவானைக் கூப்பிட அவர்களும் 'இவானே' என்றுதான் சொல்கிறார்கள்!

ஆனால் உருபுக்கு உருபு ஒட்டிப் பார்க்காதீர்கள். ஸாக்ரெபில் இருப்பது 'உ ஸாக்ரெபு', ஸாக்ரெபுக்குப் போவது 'உ ஸாக்ரெப்'. நம் '-க்கு' வரும் இடத்தில் அங்கே இரண்டாம் வேற்றுமை வருகிறது.

தமிழ் கைகொடுக்காத இடங்களுக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், கடல் இரண்டுமில்லாத நடுப்பால். பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண்கள்தான் படுத்தும். ஒரு மணி நேரம் 'யெதான் சாத்', 2 முதல் 4 வரை 'சாத்தா', 5 முதல் 'சாத்தி', 21 வந்தால் மறுபடியும் 'சாத்'.

வினைச்சொற்களை இணையாகவே படியுங்கள். 'சீத்தாத்தி' படித்துக்கொண்டிருப்பது, 'ப்ரோச்சீத்தாத்தி' படித்து முடிப்பது. நம் 'படித்தேன், படித்துவிட்டேன்' ஓரளவு பக்கத்தில் வரும். ஆனால் எந்த வினைக்கு எந்த முன்னொட்டு என்பதை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். நான் இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.