நிலக்கரிப் புகையைப் பிடித்துப் பாறைக்குள் புதைத்தால் அது தூய மின்சாரமாகுமா?

வேலூரில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் இங்கே இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நிலக்கரியை எரிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்தடியில் செலுத்திவிட்டால் அந்த மின்சாரத்தைத் தூய மின்சாரம் எனலாமா என்பது முதல் கேள்வி. இந்தத் துறையை நம்பி மேற்படிப்புக்குப் போகலாமா என்பது அடுத்தது. நான் ராணிப்பேட்டையில் அனல்மின் நிலையங்களுக்கான புகை வடிகட்டும் கருவிகளைச் செய்துதரும் ஆன்சிலரி (துணைத் தொழில்) பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். முதல் கேள்விக்கு என் பதில், தொழில்நுட்பம் மெய்யானதுதான், ஆனால் அதற்கு உரிய இடம் நிலக்கரி மின்சாரம் அன்று என்பதே.

புகைபோக்கிக்குப் போகும் வழியில் சாம்பலைப் பிடிப்பது ஒப்பளவில் எளிது. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் இருக்கிறது. எரிந்தபின் பறக்கும் அந்தத் துகள்களுக்கு உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டச் செய்து, பிறகு தகடுகளைத் தட்டி உதிர்ப்பதுதான் இ.எஸ்.பி. என்று நாங்கள் சொல்லும் கருவியின் வேலை. ராணிப்பேட்டை பெல் ஆலை நாடெங்கும் அனுப்பிய கருவிகளுள் அது முதன்மையானது. கார்பன் டை ஆக்சைடோ துகள் அன்று; நைட்ரஜனோடும் நீராவியோடும் மூலக்கூறு அளவில் கலந்துவிட்ட வாயு. நிலக்கரிப் புகையில் அதன் பங்கு 12 முதல் 15 சதவீதம். அதை மட்டும் பிரித்தெடுக்க அமீன் என்ற காரத்தன்மையுள்ள வேதிப்பொருளின் கரைசலைப் புகையின் குறுக்கே பொழியவிட வேண்டும். வாயுவை உறிஞ்சிக்கொண்ட கரைசலை வேறொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும், கரைசல் மறுபடி பயன்படும். இது 1930-இலேயே காப்புரிமை பெற்ற முறை. எரிவாயுத் தொழிலில் அன்று முதல் பயன்பட்டு வருகிறது.

அந்தச் சூட்டுக்கான நீராவி எங்கிருந்து வரும் என்பதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவியிலிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும். வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர்களுக்கான மின்சாரத்தையும் சேர்த்தால், அந்த நிலையம் தரக்கூடிய மின்சாரத்தில் 20 முதல் 30 சதவீதம் பிடிப்பு வேலைக்கே போய்விடும். இழந்ததை ஈடுகட்ட மேலும் நிலக்கரி எரிக்க வேண்டும். அதற்கான சுரங்கமும், ரயிலும், சாம்பல் குளமும் மேலும் வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 900 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடும் நாளில் ஏறத்தாழ 10,800 டன் வாயுவை உமிழும். இருபது டன் கொள்ளும் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் ஒரு நாளைக்கு 540 லாரிகள் தேவைப்படும். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் 2022-இல் தொடங்கிய பிடிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 20 டன், அதாவது ஒரே ஒரு லாரி. 4,760 மெகாவாட் திறனுள்ள அந்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் மேற்சொன்ன கணக்கின்படி ஒரு லட்சம் டன்னுக்கு மேல் உமிழும். சோதனை முயற்சி என்ற அளவில் அதை நான் குறை கூறவில்லை. செய்தித்தாளில் அதைப் படித்தவர்கள் தீர்வு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டதைத்தான் குறை கூறுகிறேன்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது உடனே புரியும். புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அமீன் அதனுடன் வினைபுரிந்து கெட்டுப்போகும். ஆகவே கந்தகத்தைப் பெரும்பகுதி நீக்கிய பிறகே கார்பனைப் பிடிக்க முடியும். கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி. கருவிகளைப் பொருத்த வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2015 டிசம்பரில் வந்தது. முதலில் இரண்டு ஆண்டுகள் கெடு கொடுத்தார்கள். பிறகு கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் நிலக்கரி மின் அலகுகளுள் நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு அந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல்லையும் நீரையும் கொண்டு செய்யக்கூடிய, விலை தெரிந்த, நன்கு பழகிய வேலையையே செலவு கருதித் தள்ளிவைத்துவிட்ட ஒரு துறை, அதற்கு அடுத்த படியில் உள்ள, அதைவிடப் பன்மடங்கு செலவு பிடிக்கும் வேலையைச் செய்துவிடும் என்று எப்படி நம்புவது? சாம்பலும் சும்மா இருப்பதில்லை. கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் 2014-இல் தொடங்கிய உலகின் முதல் பெரிய நிலக்கரிப் பிடிப்பு ஆலைக்கு நேர்ந்த தொல்லைகளுள் ஒன்று, நுண்ணிய சாம்பல் அமீன் கரைசலில் கலந்து கருவிகளை அடைத்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று குறித்த இலக்கை அது எட்டவில்லை. நம் நிலக்கரியின் சாம்பலை அங்கே கொண்டுபோய் எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. அமெரிக்காவின் பெட்ரா நோவா ஆலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி எண்ணெய் எடுத்து அந்த வருமானத்தில் ஓடிய ஆலை அது. 2020-இல் எண்ணெய் விலை வீழ்ந்ததும் நிறுத்தப்பட்டு, 2023-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது.

புதைப்பது முடியாத காரியம் என்பதில்லை. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை வாயுவைக் கடலடிக்குக் கீழே செலுத்தி வருகிறார்கள். அங்கே கிடைத்த இயற்கை எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக இருந்ததால் விற்பதற்கு முன் அதை எப்படியும் பிரித்தே ஆக வேண்டியிருந்தது. 1991-இல் நார்வே விதித்த கார்பன் வரி, பிரித்ததைக் காற்றில் விடுவதை நட்டமாக்கியது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. பாலாற்று மணலைத் தோண்டினால் மணலுக்கு இடையிலிருந்து நீர் ஊறி வருவதுபோல, மணற்பாறையின் நுண்துளைகளிலும் நீர் தங்கியிருக்கும். ஆழத்தில் அது உப்பு நீர். அந்த நீரை ஒதுக்கிக்கொண்டு வாயு உள்ளே போகிறது, மேலே மூடியிருக்கும் களிப்பாறை அதை வெளியே விடாமல் தடுக்கிறது. 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் சற்று மேலே போய்விட்டால் கார்பன் டை ஆக்சைடு திரவத்தை ஒத்த அடர்த்தியை அடைவதால், பொதுவாக 800 மீட்டருக்குக் கீழேதான் அதைச் செலுத்துவார்கள்.

நம் மாவட்டங்களில் அதற்கு வாய்ப்பே இல்லை. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட்டும் நைஸும் போன்ற கடினப் பாறை. ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதி பறந்த கதை இங்கே எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் தங்கத் துளையில்லாத பாறையில் வாயுவும் தங்காது. தமிழ்நாட்டில் படிவுப் பாறை தடிப்பாக இருப்பது காவிரிப் படுகையில். ஆனால் டெல்டாவின் நிலப்பகுதி 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்துப் போராடிய மக்கள் வயலுக்கு அடியில் வாயுவைச் செலுத்தச் சம்மதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, சம்மதிக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. மிஞ்சுவது கடலடி. இன்னொரு வழி, வாயுவையே கல்லாக்குவது. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் குழுவினர் வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தியபோது அதன் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுக்குள் கனிமமாக மாறியது. தக்காணத்தின் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் இது நடக்கக்கூடும் என்பதால் அங்கே ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள். சேலத்தின் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளை வெளேரென்று தெரியும் மாக்னசைட்டும், மக்னீசியம் மிகுந்த பாறையோடு கார்பன் டை ஆக்சைடு வினைபுரிந்து உருவானதே.

புதைத்தபின் யார் பொறுப்பு என்பதைத்தான் வட ஆற்காட்டுக்காரன் முதலில் கேட்பான், கேட்கவும் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைத் தொடர்ந்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. பிற்பாடு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியும் வந்தது. நீரைப் பிரித்தெடுத்தார்கள், உப்பு மிஞ்சியது. அந்தக் கலப்பு உப்பை வாங்குவோர் இல்லை, கொட்டவும் இடமில்லை, ஆகவே கூரையின்கீழ் குவித்து வைத்தார்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஊரில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமிய ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, மழைதோறும் மஞ்சள் நீரை ஒழுகவிட்டுக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடந்தது. ஆலை போனது, முதலாளிகள் போனார்கள், கழிவு மட்டும் ஊரில் இருந்தது.

கழிவைப் பிரித்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை, வைத்திருப்பதே பெரிய வேலை என்பதை அறிய எங்களுக்கு வெளிநாட்டு அறிக்கை தேவையில்லை. இன்னொன்றும் தெரியும்: சுத்திகரிப்புக்கு மின்சாரம் செலவாகும், செலவாகும் எதையும் கண்காணிப்பு இல்லாத இரவில் நிறுத்திவைக்கும் ஆசை வரும். நிலையத்தின் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கைத் தின்னும் பிடிப்பு ஆலைக்கு அந்த ஆசை எவ்வளவு வலுவாக இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் கொண்டுவந்த விதியில், வாயு செலுத்திய கிணற்றை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகளாவது நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும், வாயு அசையாமல் நிலைத்திருப்பதைக் காட்டிய பிறகே அரசு ஏற்கும் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதுபோன்ற ஒரு சட்டமும், அதற்கான வைப்புத்தொகையும் முன்கூட்டியே இல்லாமல் நம் நாட்டில் ஒரு டன் கூட உள்ளே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பம் எங்கே பொருந்தும்? சிமென்டில். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அதிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்; சிமென்ட் ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இப்படிக் கல்லிலிருந்து வருவது. சூளையைச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ஆலை 2025-இல் திறக்கப்பட்டது. நமக்கு அரியலூர் இருக்கிறது. சிமென்ட் ஆலைகள் அடுத்தடுத்து நிற்கும் அவ்வூரிலிருந்து கடற்கரையும் வெகுதொலைவு இல்லை. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை 2016 முதல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் ஏற்பாட்டைச் செய்தது பாராட்டத்தக்கதே. எனினும் அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியே வந்துவிடும் என்பதால் அதைப் புதைத்தலோடு சேர்த்து எண்ணக்கூடாது.

மின்சாரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவை மலிவாகவும் இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் காற்றும் கமுதிச் சூரிய மின் பூங்காவும் சோதனைக் கட்டத்தைத் தாண்டி வெகுகாலமாயிற்று. வேலூர் வெயில் சூரியத் தகடுகளுக்கு முழு வரம் என்று சொல்ல மாட்டேன். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தகட்டின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகடு 60 டிகிரியைத் தாண்டும். இருந்தாலும் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தருகிறது, அதற்குப் பிறகு புதைக்க எதுவும் இல்லை. இரவுக்கான பேட்டரிக்கும் நீரேற்று மின் நிலையங்களுக்கும் செலவிடும் பணம், பழைய நிலக்கரி அலகில் அமீன் கோபுரம் கட்டும் பணத்தைவிட நன்றாக உழைக்கும் என்பதே என் கணிப்பு.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, தாராளமாகப் போங்கள். உலகில் இன்று ஆண்டுக்குப் பிடிக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 5 கோடி டன். எரிபொருளால் வரும் உமிழ்வு 3,700 கோடி டன்னை ஒட்டியது. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும் துறையில் ஆள் தேவைப்படாமல் போகாது. ஆனால் அனல்மின் நிலையத்தை மனத்தில் வைத்து ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறைந்த சூட்டில் வாயுவை விட்டுக்கொடுக்கும் கரைசல்கள், சிமென்ட் சூளைப் புகை, பசால்ட்டிலும் மக்னீசியம் மிகுந்த பாறையிலும் வாயு கல்லாகும் வேகம், புதைத்த வாயு நகர்கிறதா என்று அளக்கும் முறைகள் ஆகிய நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலோடு பாறைகளைப் பற்றிய நிலவியலும் கொஞ்சம் படியுங்கள். இரண்டும் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் மிகச் சிலரே. விடுமுறையில் ராணிப்பேட்டைப் பக்கம் வந்து ஏதேனும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அனுமதி கேட்டு, உப்பு குவித்து வைத்திருக்கும் கூடத்தையும் அதன் மின்கட்டணக் கணக்கையும் பார்த்துவிட்டுப் போங்கள்.