துணியும் ஆளும்

வணக்கம் சார்,

ஊர் மேலூர் பக்கம். இப்போது ஸ்டுட்கார்ட்டில் வேலை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் காளை வாடிவாசலைத் தாண்டி வந்த வீடியோவை அலுவலகத்தில் காட்டினேன். கூட வேலை பார்க்கும் ஜெர்மன் நண்பர் பார்த்துவிட்டு, “ஸ்பெயினில் நடப்பதும் இதுதானே, அவர்கள் கையில் கத்தி இருக்கிறது, உங்கள் கையில் இல்லை” என்றார். இல்லை என்று மறுத்தேன், ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. அங்கே மாடு வளர்ப்பவர்கள் காளைகளை உயிராக நேசிப்பார்கள் என்றும் சொன்னார். நான்கு வருடம் நேசித்து வளர்த்ததை ஒருவன் வாளால் குத்துவதை உட்கார்ந்து பார்க்க முடியுமா? நடிப்புதானே சார்?

ச.

அன்புள்ள ச.,

நடிப்பு இல்லை. அந்த நேசம் வேறு மாதிரியானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கத்தி கடைசி இருபது நிமிடத்துச் சமாச்சாரம். வித்தியாசம் அதற்கு நான்கு வருடம் முன்பே, வளர்ப்பில் தொடங்கிவிடுகிறது. ஸ்பெயினில் அந்தலூசியா, எக்ஸ்திரமதூரா, சாலமன்கா பக்கங்களில் கருவாலி மரங்கள் விட்டு விட்டு நிற்கும் பெரிய மேய்ச்சல் நிலங்கள் உண்டு. தெஹேசா என்பார்கள். சண்டைக் காளை அங்கேதான் வளர்கிறது. கட்டுத்தறியும் மூக்கணாங்கயிறும் அதற்குத் தெரியாது. கன்றாக இருக்கும்போது சூடு போட்டு எண் பதிப்பார்கள். அப்புறம் மனிதன் அதன் பக்கம் போவதென்றால் குதிரை மேல், இந்தக் காலத்தில் டிராக்டரில். தரையில் நின்று துணி வீசும் ஆளை மட்டும் அது அரங்குக்கு வரும் நாள் வரை பார்க்கவே கூடாது. அந்தத் தொழிலின் முதல் விதியே இதுதான்.

காரணம் எளிது. காளை கற்றுக்கொள்ளும். துணியை முட்டினால் காற்றுதான் கிடைக்கிறது, பக்கத்தில் நிற்கும் ஆள்தான் விஷயம் என்று அதற்குப் புரிய ரொம்ப நேரம் ஆகாது. புரிந்துவிட்டால் அது துணியைப் பார்க்காது, ஆளைத் தேடும். அதனால்தான் கொல்லும் கட்டத்துக்கு நேரக்கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முதல் எச்சரிக்கை, பதினைந்தாவது நிமிடத்தில் மூன்றாவது. அதற்குள் மாட்டாடோர், அதாவது துணி வீசிக் கடைசியில் வாளால் கொல்லும் ஆள், வீழ்த்தாவிட்டால் காளையை உள்ளே ஓட்டிப் போய்விடுவார்கள். அவருக்கு அது பெரிய அவமானம்.

செவில்லில் பிறந்த ஹுவான் பெல்மோந்தே, 1910களில் உலகப் புகழ் பெற்ற மாட்டாடோர், சிறுவயதில் பணமில்லாமல் இரவில் ஆற்றை நீந்திக் கடந்து தப்லாதா மேய்ச்சல் நிலத்தில் திருட்டுத்தனமாகக் காளைகளோடு பழகியவர். இப்படி இரவில் நுழையும் பையன்களைக் காவல்காரர்கள் விரட்டி விரட்டி அடித்தார்கள். காளை களவு போகும் என்றல்ல, காளை பாடம் படித்துவிடும் என்று!

உங்கள் நண்பருக்குக் கார் பிடிக்குமா? ஸ்டுட்கார்ட்காரர், பிடிக்காமல் இருக்குமா. லம்போர்கினி மியூரா என்றால் தெரிந்திருக்கும். அது 1842இல் தொடங்கிய ஒரு காளைப் பண்ணைக் குடும்பத்தின் பெயர். மியூரா காளைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று பெயர் எடுத்தவை. 1947 ஆகஸ்டில் லினாரெஸ் ஊர் அரங்கில் மனோலெத்தே என்ற மாட்டாடோரைக் குத்திக் கொன்ற இஸ்லெரோ அந்தப் பண்ணைக் காளைதான். அந்தப் பெயரிலும் ஒரு லம்போர்கினி வந்தது.

சரி, நேசத்துக்கு வருவோம். வீரம் தாய்வழி வருவது என்பது அங்குள்ள நம்பிக்கை. எனவே காளையைச் சோதிக்க முடியாத குறையைக் கிடேரியைச் சோதித்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வயதுக் கிடேரியைப் பண்ணைக்குள் இருக்கும் சின்ன வட்டத்தில் விட்டு, குதிரைக்காரன் ஈட்டியால் குத்துவான். வலித்தும் மறுபடி மறுபடி அவனை நோக்கி வருகிறதா என்று பண்ணைக்காரர் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்ப்பார். வந்தால் அது தாயாகும், ஒதுங்கினால் கறிக்கடைக்கு. பிறகு அதன் மகன் அரங்கில் சாகும் நாளிலும் அவர் அதே கண்ணோடுதான் பார்க்கிறார். எத்தனை முறை ஈட்டிக்கு வந்தது, கடைசிவரை நின்றதா என்பதெல்லாம் தாயின் கணக்கில் ஏறும். அவர் நேசிப்பது அந்த ஒற்றை மாட்டை அல்ல, வம்சத்தை. நெல்லில் விதைக்கு எடுத்து வைப்பவன் மற்ற மணிகளுக்காக அழுவதில்லையே, அப்படி. அபூர்வமாக ஒரு காளை அசாத்திய வீரம் காட்டினால் உயிர்ப்பிச்சை கொடுத்துப் பண்ணைக்கே அனுப்புவார்கள். மருந்து போட்டுத் தேற்றிப் பொலிகாளை ஆக்குவார்கள். மறுபடி அரங்குக்கு மட்டும் அனுப்ப மாட்டார்கள். அதுதான் படித்துவிட்டதே.

இப்போது உங்கள் வீட்டுக் காளையை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பெயர் வைத்தது யார், பருத்திக்கொட்டை ஊறவைத்து ஆட்டிக் கொடுப்பது யார், நீச்சலுக்குக் கூட்டிப் போவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான். மண்ணைக் குத்தப் பழக்குகிறோம், ஆளைக் காட்டிப் பழக்குகிறோம். வாடிவாசலுக்குள் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடும் நிமிடம் வரை அது மனிதக் கைக்குள்ளேயே இருக்கிறது. முதல் வருடம் மிரண்டு ஓடும் மாடு மூன்றாம் வருடம் நின்று விளையாடுகிறது. நம்மூரில் மாடு கற்றுக்கொண்டால் அதன் மதிப்பு கூடும், அங்கே கற்றுக்கொண்ட மாடு உதவாது. உங்கள் நண்பரிடம் நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

நம்மை ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டாம். 2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது அதன் முன் வைக்கப்பட்டிருந்த புகார்களில் வால் கடிப்பதும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும் இருந்தன. எல்லாமே கட்டுக்கதை என்று என்னால் சொல்ல முடியாது. 2017இல் சல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டமும் விதிமுறைகளும் வந்தன, 2023இல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் இளைஞர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓடிய வேகத்தில் கிணற்றில் விழுந்த காளைகளைப் பற்றியும் செய்தி படிக்கிறோம்.

நமக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளியைத் தேடுவதானால் ஸ்பெயினுக்குப் போகாதீர்கள், தெற்குப் பிரான்சில் காமார்க் பக்கம் போங்கள். அங்கே காளையின் கொம்புகளுக்கு நடுவே ஒரு சிவப்பு நாடாவையும், கொம்பில் கம்பளிக் குஞ்சங்களையும் கட்டிவிடுவார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பையன்கள் ஓடி ஓடி அவற்றைப் பறிக்க வேண்டும். கொம்பில் சல்லிக்காசு கட்டி அவிழ்த்துவிட்ட நம் பழைய வழக்கம் ஞாபகம் வருகிறதா? பதினைந்து நிமிடம் முடிந்ததும் காளை வெளியே போய்விடும், அடுத்த வருடமும் வரும். சுவரொட்டியில் காளையின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும், ஆட்களின் பெயர் சின்னதாகக் கீழே. (ஆர்ல், நீம் நகரங்களின் ரோமானியர் காலத்து அரங்குகளில் இதுவும் நடக்கும், ஸ்பானிய முறையில் கொல்வதும் நடக்கும்.)

லீவு கிடைத்தால் நண்பரைக் கூட்டிக்கொண்டு லெ கேலார் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். 1933இல் செத்த லெ சாங்லியே என்ற காளைக்கு அங்கே கல்லறை கட்டியிருக்கிறார்கள். பெயருக்குக் காட்டுப்பன்றி என்று அர்த்தம். உங்கள் ஊர்ப்பக்கம் செத்துப்போன சல்லிக்கட்டுக் காளைக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, ஊரே கூடி அடக்கம் செய்த வீடியோ ஏதாவது போனில் இருந்தால் அதை அந்த இடத்தில் வைத்து நண்பருக்குக் காட்டுங்கள்.